“ஒரு தோட்டாதானே” என்று என்னிடம் சொல்லாதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. ராத்திரி ஒன்றரை மணிக்கு போன். “தம்பி, பையன் பையில ஒரே ஒரு தோட்டா இருந்துச்சாம். துப்பாக்கிகூட இல்ல தம்பி, வெறும் தோட்டாதானே, அதுக்குப் போயி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டாங்க.” அம்மாவின் குரல் நடுங்குகிறது. நான் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்கிறேன். கிரிமினல் வழக்குகள் பார்க்கும் வக்கீலுக்குத் தூக்கம் கெடுவது புதிதில்லை. ஆனால் இந்த “தானே” இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நடந்தது இதுதான் (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பையன் டெக்சஸில் படிக்கிறான். அறைத்தோழன் ஒரு சனிக்கிழமை துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போக இவன் முதுகுப்பையை இரவல் வாங்கியிருக்கிறான். பை திரும்பி வந்தது. விடுமுறைக்குச் சிங்கப்பூர் வீட்டுக்கு வந்தவன் அதே பையைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப, சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறும் கேட்டில் எக்ஸ்ரே இயந்திரம் நின்றது. அதிகாரி பையைப் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டார். முன்பக்கச் சின்ன ஜிப்புக்குள் சூயிங்கம் தாள், நூலக அட்டை, அதற்கடியில் ஒரு 9 மி.மீ. தோட்டா. சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். பித்தளைப் பளபளப்பு.

சரி, அந்தத் “தானே”வுக்கு வருகிறேன். சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தில் உரிமமில்லாமல் வைத்திருப்பது பற்றிய பிரிவு துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை, துப்பாக்கி “அல்லது” தோட்டா என்கிறது. இரண்டுக்கும் ஒரே தண்டனை: 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. துப்பாக்கி பக்கத்திலேயே இல்லை, சுடத் தெரியாது, டெக்சஸில் கடையில் பில் போட்டு வாங்கியது, எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், எதுவும் அந்த “அல்லது” என்ற சொல்லை அழித்துவிடாது. தெரியாமல் வந்தது என்பது வேறு விஷயம், அதை நான் வாதாடுவேன், விசாரிப்பவர்களும் அதைப் பார்ப்பார்கள். எல்லா வழக்கும் பிரம்படி வரை போகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி சுற்றும். ஆனால் “அது வெறும் உலோகத் துண்டு” என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். சுட்ட பிறகு மிஞ்சும் காலி உறையையும் “உள்ளே ஒன்றுமில்லையே” என்று சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வராதீர்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. நம் சிங்கப்பூர் ஆண்கள் பெரும்பாலோர் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சி, செய்தவர்கள். சுடும் பயிற்சி முடிந்ததும் வெயிலில் குனிந்து காலி உறைகளைப் பொறுக்கியவர்கள், பைகளைத் துழாவிவிட்டு “தோட்டாவோ காலி உறையோ என்னிடம் இல்லை” என்று வரிசையாக நின்று உரக்கச் சொன்னவர்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த அனுபவம் உள்ள அப்பாக்களே என்னிடம் “சும்மா ஞாபகார்த்தமா எடுத்துட்டு வந்தான்” என்கிறார்கள்.

துப்பாக்கியைப் பற்றிய மனநிலை ஊருக்கு ஊர் மாறுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதாகி வேறு தடை எதுவும் இல்லாதவர் அனுமதிச் சீட்டே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். பாதிக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் இப்போது ஏறக்குறைய இதுதான் நிலை. அங்கே சட்டைப்பையில் தோட்டா கிடப்பது சில்லறைக் காசு கிடப்பது மாதிரி. ஆனால் அமெரிக்கா என்பதும் ஒரே ஊரில்லை. பென்சில்வேனியா அனுமதிச் சீட்டோடு பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குள் போனால் குற்றம், ஏனென்றால் நியூ ஜெர்சி அடுத்த மாநிலத்தின் சீட்டை மதிப்பதில்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் இதுதான் கதை.

இன்னொன்று, அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது. குடியேறாத விசாவில் இருப்பவர்கள், அதாவது மாணவர்களும் எச்1பி வேலை விசாக்காரர்களும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டமே தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. “ஃபிரெண்ட் கூப்பிட்டான், ஒரு மணிநேரம் வாடகைக்கு எடுத்துச் சுட்டோம்” என்று இன்ஸ்டாகிராமில் படம் போடும் தம்பிகளே, முதலில் உங்கள் விசா வகையைப் பாருங்கள்.

“சுவிட்சர்லாந்துல எல்லாரும் துப்பாக்கியோட அலையறாங்களே” என்பது அடுத்த வாதம். வீட்டில் வைத்திருப்பது வேறு, வெளியே எடுத்துக்கொண்டு நடப்பது வேறு. ராணுவத் துப்பாக்கி அலமாரியில் இருக்கலாம், ஆனால் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு தெருவில் போக அங்கேயும் தனி அனுமதி வேண்டும். உண்மையான ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். பிரிட்டனில் டன்பிளேன் பள்ளியில் 1996இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே, வட அயர்லாந்து நீங்கலாக, தனியார் கைத்துப்பாக்கிகளுக்கு ஏறக்குறைய முழுத் தடை வந்தது.

இந்தியாவில் உரிமம் கிடைப்பது சுலபமில்லை, கிடைத்தால் சில பகுதிகளில் அது கௌரவச் சின்னம். கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தனிக் குற்றமாக்க 2019இல் ஆயுதச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பையில் தற்செயலாக ஒற்றைத் தோட்டா சிக்கிய வழக்குகளில், தெரிந்து வைத்திருந்தாரா என்று பார்த்துப் பலமுறை நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்திருக்கின்றன. நம்மவர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வந்து எனக்கே சட்டம் சொல்லித்தருகிறார்கள். அய்யா, அது டெல்லி, இது சிங்கப்பூர். இங்கே குற்றம் செய்யும் நோக்கில் துப்பாக்கியால் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் மரண தண்டனைதான்.

ஆகவே, வெளியூரில் சுடும் இடத்துக்குப் போனால் தயவுசெய்து வெறுங்கையோடு திரும்புங்கள். வியட்நாமில் கூச்சி சுரங்கம் பார்க்கப் போனவர்கள், தோட்டாவில் செய்த பேனா, சாவிக்கொத்து எதையும் வாங்காதீர்கள். துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரையே சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தடை. பேரனுக்கு ஏர்சாஃப்ட், ஜெல் பிளாஸ்டர் என்று விளையாட்டுத் துப்பாக்கிகளை இணையத்தில் ஆர்டர் போடாதீர்கள், பொம்மை என்று பெட்டியில் எழுதியிருந்தாலும். இரவல் கொடுத்த பை திரும்பி வந்தால், எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, தையல் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஏதாவது அகப்பட்டால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புதைக்காதீர்கள் (செய்திருக்கிறார்கள்). கண்ட இடத்திலேயே வைத்துவிட்டு போலீசை நீங்களே கூப்பிடுங்கள். நீங்களாகச் சொல்வதற்கும் இயந்திரம் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அந்த அம்மா நேற்று அலுவலகத்துக்கு வந்திருந்தார். கல்யாணம் முடிந்துவிட்டது, மொய்ப்பணத்தைச் சித்தப்பா வழியாக அனுப்பினார்களாம். பையனுக்கு டெக்சஸில் வகுப்பு திங்கள்கிழமை தொடங்குகிறது. பாஸ்போர்ட் இன்னும் போலீசிடம்தான் இருக்கிறது.