‘இவர் அவர்தானா?’: கிராஃப் தரவுத்தளத்தில் மொத்தமாகத் தரவு ஏற்றும்போது நடப்பது

பத்து லட்சம் வரிகள் கொண்ட ஒரு சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய கோப்பு) கிராஃப் தரவுத்தளத்தில் ஏற்றத் தொடங்குகிறீர்கள். முதல் பத்தாயிரம் வரிகள் கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விடுகின்றன. அடுத்த பத்தாயிரம் சற்று மெதுவாகப் போகின்றன. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் எண்ணிக்கை ஊர்ந்துகொண்டிருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கணினி சும்மாவும் இல்லை, பிராசசர் மூச்சு முட்ட வேலை செய்கிறது. அப்படி என்னதான் செய்கிறது?

தேடிக்கொண்டிருக்கிறது. கிராஃப் தரவுத்தளத்தில் தரவு ஏற்றுவதில் எழுதும் வேலை கொஞ்சம்தான், தேடும் வேலைதான் பெரிது. இந்த வேலையில் பல இரவுகளைக் கழித்திருக்கிறேன். பழுது எந்த வடிவில் வந்தாலும் முதலில் தேடலைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது அப்படி வந்த பழக்கம்.

ஒரு நூலகத்தின் தரவை எடுத்துக்கொள்வோம். வாசகர் ஒரு கணு, நூல் இன்னொரு கணு. ‘எடுத்தார்’ என்பது இரண்டையும் இணைக்கும் உறவு. அட்டவணைத் தரவுத்தளத்தில் ‘வாசகர் 417, நூல் 9032’ என்று இரண்டு எண்களை ஒரு வரியில் எழுதி வைத்தால் போதும். அந்த 417 யார் என்பதைப் பின்னால் யாராவது கேட்கும்போது தேடிக்கொள்ளலாம். கிராஃப் தரவுத்தளம் அப்படி ஒத்திப்போடுவதில்லை. அந்த வாசகரையும் நூலையும் அப்போதே கண்டுபிடித்து, இரண்டையும் நேரடியாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதனால்தான் பிற்பாடு ‘இவர் எடுத்த நூல்களை எடுத்த மற்றவர்கள் வேறு என்னென்ன எடுத்தார்கள்’ என்று கேட்டால் முடிச்சைப் பிடித்துக்கொண்டே வேகமாக ஓட முடிகிறது. அந்த வேகத்துக்கான விலையை ஏற்றும்போதே கட்டிவிடுகிறோம்.

நியோ4ஜே போன்ற தரவுத்தளங்களில் இதற்குப் பெரும்பாலும் பயன்படும் கட்டளை ‘மெர்ஜ்’. ‘இந்த எண்ணுள்ள வாசகர் இருந்தால் அவரை எடு, இல்லையென்றால் புதிதாகப் படை’ என்பது அதன் பொருள். இருக்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? எண்களை வரிசைப்படுத்தி வைத்த பட்டியலான இண்டெக்ஸ் இல்லாவிட்டால், அதுவரை ஏற்றிய எல்லா வாசகர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தால்தான் தெரியும். ஆயிரமாவது வாசகருக்காக 999 பேரைப் பார்க்க வேண்டும், லட்சமாவது வாசகருக்காக 99,999 பேரை. பத்து லட்சம் புதிய வாசகர்களுக்கு மொத்த ஒப்பீடுகள் ஏறத்தாழ 50,000 கோடி. தரவு பத்து மடங்கு கூடினால் நேரம் நூறு மடங்கு கூடும். சோதனைக் கோப்பில் நொடியில் முடிந்தது உண்மையான கோப்பில் விடிய விடிய ஓடுவதன் ரகசியம் இதுதான்.

இண்டெக்ஸ் இருந்தால் கணக்கே மாறிவிடும். வரிசைப்படுத்திய பத்து லட்சம் எண்களை ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போனால், 20 வெட்டில் ஒரே ஓர் எண் மிஞ்சும். ஆக, 50,000 கோடி வேலை 2 கோடியாகச் சுருங்குகிறது. எனவே வாசகர் எண்ணுக்கு, ஒரே எண்ணில் இருவர் இருக்கக் கூடாது என்ற தனித்துவக் கட்டுப்பாடு ஒன்றை முதலில் போட்டுவிட்டுத்தான் தரவைத் தொட வேண்டும். கட்டுப்பாட்டோடு இண்டெக்ஸும் சேர்ந்தே வந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து ஏற்றும்போது இருவருமே ‘இல்லை’ என்று பார்த்து இருவருமே ஒரே வாசகரைப் படைத்துவிடும் ஆபத்தையும் அது தடுக்கும். சந்தேகம் இருந்தால், கட்டளைக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்று சேர்த்து, ஓட்டாமலே திட்டத்தைப் பாருங்கள். ‘நோட் பை லேபிள் ஸ்கேன்’ என்று வந்தால் ஒவ்வொருவராகப் பார்க்கப் போகிறது என்று பொருள். ‘இண்டெக்ஸ் சீக்’ என்று வர வேண்டும்.

வேகப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும், அதனால் சரிசெய்துவிடுவோம். கண்ணுக்குத் தெரியாத பிழைகளைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நியோ4ஜேயின் ‘லோட் சிஎஸ்வி’ கட்டளை கோப்பிலிருந்து படிக்கும் எதையும் எழுத்துச்சரமாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பில் 417 என்று இருந்தாலும் அதற்கு அது எண் அல்ல, நான்கு, ஒன்று, ஏழு என்ற மூன்று எழுத்துகள். வாசகர்களை ஏற்றும்போது எண்ணாக மாற்றி ஏற்றிவிட்டு, உறவுகளை ஏற்றும்போது மாற்ற மறந்துவிட்டால் இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. அப்போது பிழைச் செய்தி வரும் என்று எதிர்பார்ப்போம், வராது. ஏற்கெனவே இருப்பவரைத் தேட மட்டும் செய்யும் ‘மேட்ச்’ கட்டளைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த வரி அங்கேயே சத்தமில்லாமல் மறைந்துவிடும். கட்டளை வெற்றிகரமாக முடிந்தது என்றே திரை சொல்லும், ஆனால் உறவு ஒன்றுகூட உருவாகியிருக்காது.

எண்ணாக மாற்றுவதே சில சமயம் தவறாகிவிடும். 00417 என்ற உறுப்பினர் எண் 417 ஆகிவிட்டால் முன்னால் இருந்த பூச்சியங்கள் போனது போனதுதான். விரிதாள் மென்பொருளில் ஒருமுறை கோப்பைத் திறந்து சேமித்தாலே இது நடந்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேல் நீளும் எண்களின் வால் பகுதியும் பூச்சியமாகிவிடலாம். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எதையும் எழுத்துச்சரமாகவே வைத்திருங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதனால்தான்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ‘கோமதி’ என்ற பெயரைப் பாருங்கள். யூனிகோடில் இதை க, ோ, ம, த, ி என்று ஐந்து குறிகளாக எழுதலாம். ஓகாரக் குறிக்குப் பதில் இடப்பக்க ே-யையும் வலப்பக்க ா-வையும் தனித்தனியாகப் போட்டு ஆறு குறிகளாகவும் எழுதலாம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக ஒரு கோமதி 15 பைட், இன்னொரு கோமதி 18 பைட். திரையில் இருவரும் அச்சு அசல் ஒருவரே. தரவுத்தளத்துக்கோ இருவரும் வெவ்வேறு ஆட்கள், ஏனெனில் அது பார்ப்பது பைட்டுகளைத்தான். இந்த இரண்டு வடிவங்களும் ஒன்றே என்று யூனிகோட் தரமே சொல்கிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்க முறையில் கோப்பை முன்கூட்டியே கடத்தி எடுத்தால் இரண்டும் 15 பைட் வடிவத்துக்கு வந்துவிடும். பைத்தானில் ஒரு வரி நிரல் போதும்.

ஆனால் இயல்பாக்கமும் சர்வரோக நிவாரணி அல்ல. ‘ஔவை’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாகத் தட்டி ‘ஒளவை’ ஆக்கியிருந்தால் யூனிகோட் பார்வையில் அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள், எந்த இயல்பாக்கமும் அவற்றைச் சேர்க்காது. பெயரை வைத்து ஆளை அடையாளம் காணக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மெர்ஜ் கட்டளையிலும் ஒரு நுணுக்கம் உண்டு, அனுபவசாலிகளும் இதில் சறுக்குவார்கள். ‘வாசகர் 417 – எடுத்தார் – நூல் 9032’ என்று முழுத் தொடரையும் ஒரே மெர்ஜுக்குள் எழுதிவிட்டோம் என்று வையுங்கள். வாசகர் இருக்கிறார், நூல் இருக்கிறது, இடையே உறவு மட்டும் இல்லை. உறவை மட்டும் சேர்க்கும் என்றுதான் நினைப்போம். மெர்ஜ் முழுத் தொடரையும் ஒன்றாகத் தேடுகிறது. முழுதாகக் கிடைக்கவில்லை என்றால் முழுவதையும் புதிதாகப் படைக்கப் பார்க்கும். தனித்துவக் கட்டுப்பாடு இருந்தால் அங்கேயே பிழை என்று நிற்கும். இல்லாவிட்டால் இரண்டாவது 417 பிறந்துவிடுவார். வாசகரைத் தனியாக, நூலைத் தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டு, கடைசியில் உறவுக்கு மட்டும் மெர்ஜ் போடுவதே சரி.

நினைவகம் நிரம்பிப் படுத்துவிடும் கோளாறுக்குக் காரணம் எளியது. பத்து லட்சம் வரிகளையும், முழுதாக முடிந்தால்தான் பதிவாகும் ஒரே டிரான்சாக்‌ஷனில் ஏற்றினால், முடியும்வரை எல்லா மாற்றங்களையும் தரவுத்தளம் கையில் ஏந்திக்கொண்டே நிற்க வேண்டும். பகுதி பகுதியாகப் பிரித்து முடித்தால் தீர்ந்தது. நியோ4ஜேயில் இதற்கான வசதி வேறு எதுவும் சொல்லாவிட்டால் 1,000 வரிகளுக்கு ஒருமுறை முடித்துக்கொள்ளும். அப்படியும் நினைவகம் பொங்கினால், திட்டத்தில் ‘ஈகர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கட்டளைக்குள் படிப்பதும் எழுதுவதும் ஒன்றையொன்று பாதிக்கலாம் என்று தோன்றினால், தரவுத்தளம் எல்லா வரிகளையும் முதலில் திரட்டி வைத்துக்கொள்ளும். கணுக்களுக்கு ஒரு சுற்று, உறவுகளுக்கு ஒரு சுற்று என்று பிரித்தாலே பெரும்பாலும் அது போய்விடும்.

வேகத்துக்காகப் பல இழைகளில், அதாவது இணையாக ஓடும் பல வேலைகளாகப் பிரித்து, ஒரே சமயம் ஏற்றும்போது வருவது டெட்லாக். நியோ4ஜேயின் பழைய ரெக்கார்ட் சேமிப்பு முறையில் ஓர் உறவின் பதிவு 34 பைட். தொடக்கக் கணு, முடிவுக் கணு இவற்றோடு, இரு பக்கத்திலும் முந்திய உறவு எது, அடுத்தது எது என்ற சுட்டிகளும் அதற்குள் உண்டு. ஆகவே ஓர் உறவைச் சேர்ப்பது இரண்டு கணுக்களின் சங்கிலிகளிலும் கை வைக்கும் வேலை, இரண்டையும் பூட்ட வேண்டும். ஓர் இழை வாசகரைப் பூட்டிவிட்டு நூலுக்காகக் காத்திருக்க, இன்னொன்று நூலைப் பூட்டிவிட்டு அதே வாசகருக்காகக் காத்திருந்தால் இரண்டும் நகராது. எல்லாரும் எடுக்கும் பிரபலமான நூல் ஒன்று இருந்தால் அங்கேதான் இந்த நெரிசல் வரும். கணுக்களை எத்தனை இழைகளில் வேண்டுமானாலும் ஏற்றலாம், உறவுகளை மட்டும் ஒரே இழையில் ஏற்றுங்கள். அதற்கு நேரம் போதாது என்றால், ஒரே கணுவைத் தொடும் வரிகள் ஒரே இழைக்குப் போகும்படி பிரித்துக்கொள்ளுங்கள்.

கோடிக்கணக்கில் தரவு இருந்து, தரவுத்தளமும் காலியாக இருந்தால் இவை எல்லாவற்றையும் தவிர்த்துவிடும் தனி இறக்குமதிக் கருவி ஒன்று நியோ4ஜேயில் இருக்கிறது. டிரான்சாக்‌ஷனும் பூட்டும் இல்லாமல் சேமிப்புக் கோப்புகளையே அது நேரடியாக எழுதுகிறது. அங்கும் அடையாளக் கேள்வி விடாது. வாசகர் 7, நூல் 7 என்று இரண்டு இருந்தால், தலைப்பு வரியில், எந்த எண் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாள வெளியைத் தனித்தனியாகக் குறிக்காதவரை இரண்டும் மோதும். முனை கிடைக்காத உறவுகளை அது ஓர் அறிக்கைக் கோப்பில் எழுதி வைக்கும். அதைத் திறந்து படிப்பவர்கள் மிகக் குறைவு. தயவுசெய்து படியுங்கள்.

ஏற்றி முடித்ததும் கோப்பின் வரிகளையும் உருவான உறவுகளையும் எண்ணி ஒப்பிடுவது என் வழக்கம். ஒருமுறை எண்ணிக்கை ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தியது. தனித்துவக் கட்டுப்பாடும் இருந்தது, இயல்பாக்கமும் செய்திருந்தேன். நிம்மதியாக, அதிக நூல்கள் எடுத்த பத்து வாசகர்கள் யார் என்று கேட்டுப் பார்த்தேன். முதலிடத்தில் இருந்தவர் மற்ற எல்லாரையும்விடப் பல நூறு மடங்கு அதிகமாக எடுத்திருந்தார். அவருடைய உறுப்பினர் எண் இருந்த இடத்தில் ஒரு சிறு கோடு. எண் தெரியாத ஒவ்வொரு முறையும் யாரோ ‘-’ என்று தட்டியிருக்கிறார்கள், மெர்ஜ் அத்தனை பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. அன்று மாலை அந்தக் கணுவை உறவுகளோடு அழித்துவிட்டு, கோடு போட்ட வரிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்து, அவற்றில் எதையெல்லாம் உண்மையான வாசகரோடு சேர்க்க முடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.