கையுறை போட்டிருந்தான், ஆனால் முகத்தைத் துடைத்தான்

திருவொற்றியூரில் மதியம் கடற்காற்று திரும்பியதும் எங்கள் பட்டறையில் முதலில் சாத்துவது கோட்டிங் அறைக் கதவைத்தான். காற்றில் வருவது உப்பு. நாங்கள் அங்கே வைத்திருப்பதோ உப்பு படவே கூடாத வெள்ளை வட்டு.

எலெக்ட்ரான் போன்ற நுண்துகள்களை வேகமேற்றும் இயந்திரங்கள்தான் துகள் முடுக்கிகள். அவற்றில் ஒரு பக்கம் வேக்குவம், மறுபக்கம் காற்று. நடுவில் நின்று ரேடியோ அலையை மட்டும் உள்ளே விடும் அந்த வட்டுதான் ஆர்.எஃப். விண்டோ, அதாவது ரேடியோ அலைக்கான ஜன்னல், பெரும்பாலும் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) செராமிக். அதைச் செம்போடு பிரேசிங் செய்வதே, அதாவது இடையில் வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுவதே, பெரும்பாடு. சூட்டில் செம்பு அலுமினாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும், ஆறும்போது அவசரப்பட்டால் விளிம்பில் மயிரிழை விரிசல் விழும்.

சரி, கோட்டிங் எதற்கு? அலுமினாவில் ஒரு எலெக்ட்ரான் மோதினால் பல எலெக்ட்ரான்கள் கிளம்பும். அவை அலையின் ஆட்டத்தோடு சேர்ந்து திரும்பத் திரும்ப மோதிப் பெருகினால் ஒரே இடம் சூடேறி வட்டே பிளக்கும். அதைத் தடுக்கத்தான் வேக்குவம் பக்கம் டைட்டானியம் நைட்ரைடு பூசுகிறோம், சுமார் 10 நானோமீட்டர். தலைமுடி இதைவிடப் பல ஆயிரம் மடங்கு தடிமன். தங்க நிறம் பளிச்சென்று தெரிந்தால் பூச்சு மிஞ்சிவிட்டது, அதிலேயே மின்னோட்டம் ஓடிச் சூடாகும். வட்டு பெரிதாக இருந்தால் நடுவும் ஓரமும் ஒரே அளவில் படியாது, சுழற்றிக்கொண்டே பூச வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் ஒருமுறை ஒரு வட்டு திரும்பி வந்தது. பழுப்பு நிறத்தில் வேர் படர்ந்த மாதிரி ஒரு கோடு, அது தொடங்கிய இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. வேலை பார்த்த தம்பி நாள் முழுக்கக் கையுறை போட்டிருந்தான். நெற்றி வியர்வையை அந்தக் கையுறையாலேயே துடைத்துவிட்டு வட்டைத் தூக்கியிருக்கிறான். முகத்திலோ போனிலோ கதவுப் பிடியிலோ பட்ட கையுறையும் வெறும் கையும் ஒன்றுதான் தம்பிகளே, உடனே மாற்றுங்கள்.

அப்புறம், கறை தெரிந்தால் எமரி தாளை எடுக்காதீர்கள். பழைய விண்டோக்கள் சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், பார்க்க அலுமினா மாதிரியேதான் தெரியும், தேய்த்தால் வரும் தூள் நுரையீரலைத் தீராத நோயில் தள்ளும். பழைய சரக்கு எது வந்தாலும், என்ன பொருள் என்று எழுதி வாங்கிய பிறகுதான் நாங்கள் பெட்டியைத் திறக்கிறோம்.