தாழ்வாரத்தில் ஒரு மஞ்சள் கோடு

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கும்பகோணத்தில், அன்றாட வேலைகளைத் தாமாகச் செய்யப் பழக்கும் சிகிச்சையைக் குழந்தைகளுக்குத் தருகிறேன். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் நெருங்கினால் பள்ளிகளிலிருந்து கூப்பிடுவார்கள். வலங்கைமான் பக்கம் ஒரு பள்ளியில் முற்றம் முழுக்க சாக்பீஸ் ஓவியம் வரையத் தன்னார்வலராகப் போனேன். அங்கே நடந்த தவறில் எனக்கும் பங்கு உண்டு.

சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை, சுற்றிலும் கைகோத்த பிள்ளைகள், கீழே 'எல்லோரும் சமம்'. படம் அழகாகத்தான் வந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தால், நிஜமாகவே சக்கர நாற்காலியில் வரும் ஏழாம் வகுப்புப் பெண் தாழ்வாரத்தில் இருந்தபடி கைதட்டிக்கொண்டிருக்கிறாள். வகுப்பறைக்குச் சாய்தளம் உண்டு, முற்றத்துக்கு இறங்க இரண்டு படி. காலையிலிருந்து அவள் கையில் யாரும் ஒரு சாக்பீஸ் கொடுக்கவில்லை. நானும்தான். மதியம் பெய்த மழையில் படம் கரைந்துவிட்டது, அவள் கைதட்டியது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

மறு வருடம் தாழ்வாரத் தரையிலேயே வரைந்தோம். டெல்டாவில் டிசம்பர் என்றால் மழைதான். தாழ்வாரம் நனையாது, நாற்காலியும் வரும். என்ன படம் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, எந்தப் பிள்ளை எப்படி வரையும் என்று அங்கு வரும் சிறப்பாசிரியரோடு உட்கார்ந்து பேசினோம். மாற்றுத்திறன் என்றதும் எல்லோரும் சக்கர நாற்காலியைத்தான் வரைகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் குறைபாடுகள் 7 வகைகளாக இருந்தன. 2016 சட்டத்தில் 21. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவுடன் நமக்குத் தெரியாது.

நாற்காலியிலிருந்து தரை எட்டாது. பிவிசி குழாய் ஒன்றின் முனையில் சாக்பீஸைச் செருகி டேப் சுற்றினோம். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் வரையவிட வேண்டும், குனியும்போது வண்டி நகரும். விரல் இறுக்கமாக இருக்கும் பையனுக்குச் சாக்பீஸின் மேல் துணி சுற்றித் தடிமனாக்கினோம். பொடி கையில் ஒட்டினாலே அழும் குழந்தைக்கும் அதே துணிதான் உதவியது. பார்வை மங்கலான பிள்ளைக்குச் சாம்பல் நிற சிமெண்டில் வெளிர்நீலம் தெரியாது, வெள்ளையும் மஞ்சளும் பட்டையாக வேண்டும். அப்புறம், சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் தூசி பறக்காது. மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வரைந்த இடத்தில் துடைப்பமும் போடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

'நான் போகும் வழி' என்று தலைப்பு கொடுத்தோம். ஒருவன் வாய்க்கால் பாலத்தில் ஆரம்பித்தான், ஒருத்தி பஸ் ஸ்டாப்பில். அந்தப் பெண் (எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள்) வகுப்பறை வாசலிலிருந்து மஞ்சள் கோடு இழுத்துக்கொண்டே போனாள். கோடு தாழ்வாரத்தின் கோடியில் கழிப்பறைப் படியில் போய் நின்றது.

"இதுக்கு மேல போக முடியாது மிஸ். அதான் நான் காலையில தண்ணியே குடிக்கிறதில்ல."

என்னிடம் வரும் பிள்ளைகளிலும் இப்படித் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, சிறுநீர்த் தொற்றோடு வந்தவர்கள் உண்டு. காரணத்தை அவர்களாகச் சொல்வது அபூர்வம். தலைமையாசிரியர் அந்தக் கோட்டின் முனையில் வெகுநேரம் நின்றார்.

படியை அளந்தோம். உயரம் 15 செ.மீ. 1:12 என்ற சரிவுக் கணக்குப்படி (ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) 180 செ.மீ. நீளத்தில் ஒரு சாய்தளமும், உள்ளே சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும். அளவுகளை எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் அன்றே கொடுத்தோம். இன்னும் கட்டவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவளுடைய அம்மாவோடு நானும் போகிறேன்.