வக்கடையை அகல வெட்டினால்: கண்ணில் குழாய் வைத்த பிறகு நடப்பவை

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வயல் செய்யும் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், மாசிக் கடைசியில் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) கண் அழுத்த நோயான குளுக்கோமாவுக்காகக் கொழும்பில் அவருடைய வலது கண்ணில் வடிகுழாய் வைத்து ஏழாவது வாரம். இடையில் வரவேண்டிய இரண்டு தவணைகளுக்கு அவர் வரவில்லை. பெரும்போக அறுவடை. "நோவில்லை டொக்டர், மூன்று நாளாகப் புகை மூடினதுபோல இருக்கிறது" என்றார். கண் அழுத்தத்தை அளந்தேன். 4.

கூட வந்த மகளின் முகம் மலர்ந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்கு முன் 34 இருந்த கண் அது. "நன்றாகக் குறைந்துவிட்டதே!" என்றார். இந்த மகிழ்ச்சியைப் பலருடைய முகத்தில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோலீற்றர்தான். சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரச அளவுக்குள் நிற்கும். வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் இழைகளைச் சிறிது சிறிதாக அழிக்கும். அழிந்த இழை திரும்பி வராது. வெண்புரையை எடுத்துவிட்டுப் பார்வையை மீட்பதுபோல இதை மீட்க முடியாது. மறுபக்கம், அழுத்தம் 5க்கும் கீழே இறங்கினால் கண் தன் உருவத்தையே பிடித்துவைக்க முடியாமல் தளரும். விழித்திரைக்குப் பின்னாலுள்ள படையில் நீர் கோக்கும், பார்வை மங்கும், சில கண்களில் உள்ளே இரத்தமும் கசியும். அவருடைய புகை மூட்டம் அதுதான்.

சொட்டு மருந்தும் லேசரும் போதாத கண்ணுக்கு நீர் வடிய வேறு வழி திறக்கிறோம். அவற்றில் ஒன்று, உள்விட்டம் 0.3 மில்லிமீற்றர் அளவான சிலிக்கோன் குழாய். ஒரு முனை கண்ணின் முன்னறையில் இருக்கும், மறுமுனை வெண்விழியின்மேல் தைத்த தட்டில் திறக்கும். இந்த வழியைத் தொடக்கிவைத்தவர் மொல்டெனோ என்ற கண் வைத்தியர். 1969இல் தம் கருவியைப் பற்றி எழுதினார். இன்று மதுரையில் அவுரோலாப் குறைந்த விலையில் ஒரு வகைக் குழாயைச் செய்கிறது. நம் பிராந்தியத்து ஏழை நோயாளருக்கு அது பெரிய உதவி என்பேன்.

சிக்கல் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில்தான். தட்டைச் சுற்றி உடல் தானாக ஒரு தோலுறையை வளர்க்கும். நீரின் வேகத்தைத் தடுத்து வைப்பது அந்த உறை. உறை வளருமுன் குழாய் திறந்திருந்தால் கண் வற்றிவிடும். அதனால் வால்வு இல்லாத குழாய்களைக் கரையும் நூலால் கட்டிவிடுகிறோம். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைந்து குழாய் திறக்கும். நூல் நம்மைக் கேட்டுக் கரைவதில்லை. உறை மெல்லியதாக இருக்கும்போதே முடிச்சு விட்டால் அழுத்தம் ஒரே நாளில் சரிந்துவிடும். அகமட் வகைக் குழாயில் வால்வு உண்டு. அது 8 முதல் 12க்குள் திறக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் அந்த அளவு தொழிற்சாலையில் தீர்மானித்தது. என் முன்னால் இருக்கும் கண்ணுக்கு அது பொருந்தாவிட்டால் என்னால் மாற்ற இயலாது.

இதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே அவர் கேட்டார்: "வக்கடையை அகல வெட்டிவிட்டதுபோலவா? வயல் வற்றிவிடும்." வக்கடை என்பது நீர் பாய வரம்பில் வெட்டும் வாய். இத்தனை ஆண்டு விளக்கத்தில் எனக்கு இவ்வளவு பொருத்தமான சொல் கிடைத்ததில்லை. கந்தளாய்க் குளத்து நீரை வரம்பு வரம்பாகப் பிரித்துப் பாய்ச்சிய கை அது.

அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் நல்லது: "அப்படியென்றால் வக்கடையில் மண்ணைப் போட்டு அளவாக்க முடியாதா?"

முடியும். அந்த வகைக் கருவி வந்திருக்கிறது. சுவிற்சர்லாந்தில் உருவான ஐவாட்ச் என்ற கருவியில் குழாயின் மேல் ஒரு சிறு காந்தச் சில்லு இருக்கிறது. பேனா போன்ற கருவியை இமைக்கு வெளியே பிடித்து அந்தச் சில்லைத் திருப்பலாம். சேலைன் ஏற்றும்போது குழாயிலுள்ள சிறு சக்கரத்தை உருட்டித் துளியைக் கூட்டிக் குறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலச் சில்லு குழாயை நெரிக்கும், தளர்த்தும். முதல் வாரங்களில் இறுக்கி வைத்து, உறை வளர வளரத் தளர்த்தலாம். கத்தியில்லை, சத்திரசிகிச்சைத் தியேட்டர் இல்லை. காந்தம் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கருவி இருப்பதைச் சொல்லியே ஆகவேண்டும். எடுத்த பிறகு அளவையும் சரிபார்க்க வேண்டும்.

எங்களிடம் அது இல்லை. வந்தால் மிகவும் மகிழ்வேன். ஆனால் அந்தச் சில்லைத் திருப்புவதற்கும் நோயாளி என் முன்னால் வந்து உட்கார வேண்டும். 4 என்று அளந்து கண்டால்தான் இறுக்க முடியும். 24 என்று கண்டால்தான் தளர்த்த முடியும். குளுக்கோமாவில் பெரும்பாலும் வலி இராது. வலி இல்லையென்று வீட்டில் இருந்துவிட்டால் எந்தக் கருவியும் தானாகத் திரும்பாது.

குழாய் வைத்தவர்கள் பார்வை திடீரென மங்கினாலோ, கண் சிவந்து நோவெடுத்தாலோ, பீளை தள்ளினாலோ தவணைத் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே வாருங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். நாங்கள் எழுதித் தராத சொட்டு மருந்தைப் பாமசியில் வாங்கி விடாதீர்கள். சிலவற்றில் உள்ள ஸ்டீரொயிட் அழுத்தத்தை ஏற்றும். நாங்கள் தந்த ஸ்டீரொயிட் மருந்தையும் சொன்ன நாளுக்கு முன் நிறுத்தவேண்டாம். கொழும்புக்குப் போனாலும் இங்கு வந்தாலும் கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும். முந்திய அளவு தெரியாமல் இன்றைய அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பது எங்களுக்குக் கடினம்.

தம்பலகாமத்துக்காரரைப் பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லி, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து கொடுத்து, நான்கு நாளுக்கொருமுறை வரச்சொன்னேன். அழுத்தம் ஏறாவிட்டால் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் குழாயைக் கட்ட வேண்டியிருந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் 11க்கு வந்தது. புகையும் விலகியது.

அதன்பிறகு நான் அடுத்த திகதியை எழுதுமுன் வயல்காரரிடம் அறுவடை எப்போது என்று கேட்கிறேன். மூதூர் மீனவரிடம் கடலுக்குப் போகும் நாட்களைக் கேட்கிறேன்.