'12 வோல்ட் தானே' என்று ஸ்பேனர் எடுப்பவர்களுக்கு

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. "இன்வெர்ட்டர் ஆன் ஆகலண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று போன். போய்ப் பார்த்தால் பேட்டரி முனையில் ஈயம் மெழுகுவத்தி மாதிரி உருகி வழிந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு 12-13 ஸ்பேனர் கருகிக் கிடக்கிறது. மாடியில் சோலார் போட்ட கையோடு, வீட்டு மருமகன் இரண்டாவது பேட்டரியைத் தானே மாட்டியிருக்கிறார். இரண்டையும் எதிரெதிராகத் திருப்பி வைத்து, மைனஸை மைனஸோடு இணைத்துவிட்டு, ஒன்றின் பிளஸை முறுக்கும்போது ஸ்பேனரின் வால் அடுத்த பேட்டரியின் மைனஸில் பட்டுவிட்டது. உள்ளங்கையில் கட்டோடு நின்றவர் என்னிடம் கேட்டது: "12 வோல்ட் தானேண்ணே, ஷாக்கே அடிக்காதே?"

அடிக்காது தம்பி. யார் அடிக்கும் என்றது? ஷாக்குக்கு வோல்ட் வேண்டும், எரிப்பதற்கு ஆம்பியர் போதும். தெருமுனை வெல்டிங் பட்டறையில் இரும்பை உருக்கும்போது ராடு முனையில் இருப்பது சுமார் 25 வோல்ட்தான், ஓடுவது 100 ஆம்பியர் சொச்சம். உங்கள் வீட்டு 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும். தொட்டால் ஒன்றும் ஆவதில்லை என்பதாலேயே அதை டார்ச் செல் மாதிரி நினைத்துவிடுகிறார்கள், எனக்கு எரிச்சலே அதில்தான். மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடுங்கள். ஸ்பேனரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், பத்து ரூபாய் செலவு.

ஒயர் விஷயமும் இதே கதைதான். 1000 வாட் லோடு 230 வோல்ட்டில் நாலு ஆம்பியர் சொச்சம் இழுக்கும், அதே லோடு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியரை நெருங்கும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 4 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 4 சதுர மி.மீ.) ஒயரை இங்கே போட்டால் உறை உருகும். 25 ஸ்கொயராவது போடுங்கள், நீளம் குறைவாக இருக்கட்டும், ஒயர் முனையில் மாட்டும் உலோக லக்கைச் சுத்தியலால் தட்டாமல் அதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். நட்டு லூசாக இருந்தாலும் சூடுதான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே டிசி ஃபியூஸ் இருக்க வேண்டும். அலமாரியில் கிடக்கும் ஏசி எம்சிபியை (வீட்டு போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்ச்) வைத்து ஒப்பேற்றாதீர்கள், டிசி ஆர்க்கை, அதாவது இடைவெளியில் தாவி எரியும் தீப்பொறியை, அது அணைக்காது.

அப்புறம் வரிசை. பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல், கழற்றும்போது பேனல் முதலில். வெயில் அடிக்கிற வரைக்கும் பேனலை 'ஆஃப்' பண்ண முடியாது, ஞாபகம் இருக்கட்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆனாலும் ஜன்னலில்லாத பூஜை அறை அலமாரிக்குள்தான் பேட்டரியை வைக்கிறார்கள், மேலே விளக்கு வேறு எரிகிறது! தயவுசெய்து வெளியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அந்த மருமகன் புதுசை இணைத்தது 4 வருஷம் ஓடிய பழைய பேட்டரியோடு. ஷார்ட் ஆகாமல் இருந்திருந்தாலும், பழசுக்குச் சோறு போட்டே புதுசு ஓய்ந்திருக்கும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஏஎச், ஒரே சமயம் வாங்கியதாக இருக்க வேண்டும்.

எப்படியும் நீங்களே மாட்டத்தான் போகிறீர்கள், தெரியும். சரி, கடைசி நட்டை முறுக்குவதற்கு முன்னால், தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிளஸ் எது மைனஸ் எது என்று பார்த்துச் சொல்ல நாங்கள் யாரும் காசு கேட்பதில்லை.