கொரிடோரில் நித்திரைக் குளிசை கேட்காதீர்கள்

போன கிழமை என் மனநலக் கிளினிக்கை முடித்துக்கொண்டு வெளியே வரும்போது ஒரு எச்.ஓ. (பயிற்சி டொக்டர்) பிள்ளை என்னை மறித்தார். கழுத்தில் ஸ்டெத், கையில் பாதி கடித்த மாலுபாண். "சேர், ஒரு நித்திரைக் குளிசை எழுதித் தாங்கோ. ஒண்டுமில்ல, சும்மா." கடைசியாக எப்போது படுத்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். நேற்றா முந்தநாளா என்று அவருக்கே தெளிவில்லை.

இந்த வருடம் இப்படிக் கொரிடோரில் வைத்து என்னிடம் குளிசை கேட்ட ஐந்தாவது டொக்டர் இவர். (யாரென்று தேட வேண்டாம், அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) முதல் நான்கு பேரையும் ஏதோ பேசிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். இந்த முறை கோபம் வந்தது. பிள்ளை மீது வந்த கோபம் அல்ல.

திருகோணமலையில் நியமனம் என்றால் வீட்டுக்காரர் சந்தோஷப்படுகிறார்கள். உப்புவெளி, நிலாவெளி, கடல், காற்று, உனக்கென்ன குறை என்கிறார்கள். இந்தப் பிள்ளை வந்து ஐந்து மாதமாகிறது. கோணேசர் கோயிலுக்கு இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லையாம்.

அவருடைய சீனியர் ஒருவரிடம் பிறகு மெதுவாகக் கதைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பதில்தான் வந்தது: "எங்கட காலத்தில நாங்கள் மூண்டு நாள் முழிச்சு வேலை செய்தனாங்கள். செத்தா போனம்?"

இந்த ஒரு வசனத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, நாங்கள் சாகவில்லை, சரி. நோயாளிகள்? அந்த நாளில் விடியப்புறம் நான்கு மணிக்கு எழுதிய டோஸ்களில் எத்தனை பிழை என்று யார் எண்ணினார்கள்? பிழை நடந்தாலும் சனம் விதி என்று அழுதுவிட்டுப் போனது. எண்ணிப் பார்த்த இடம் ஒன்று உண்டு. பொஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவு இன்டேர்ன்களை வைத்துச் செய்த ஆய்வு, 2004இல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் தொடரும் பழைய முறையில் வேலை செய்தபோது, நேரத்தைக் குறைத்தபோது இருந்ததைவிடப் பாரதூரமான பிழைகள் 36 வீதம் கூட. அவர்களும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

இரண்டாவது, "நாங்கள் தாங்கினோம்" என்று சொல்கிறவர்கள் தாங்கியவர்கள் மட்டுமே. தாங்காமல் இடையில் விட்டவர், குடியில் விழுந்தவர், ஒருவருக்கும் சொல்லாமல் நாட்டை விட்டுப் போனவர் யாரும் இன்று கன்சல்டன்ட் அறையில் இருந்து பிளேன்ரீ குடிக்கவில்லை. என் பட்ச்சிலேயே அப்படி இருவர். மூன்றாவது, நித்திரை மனவலிமையைப் பார்த்து வருவதில்லை. 17 மணி நேரம் விழித்திருந்த ஒருவரின் கையும் கவனமும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் ஏறியவருடையது அளவுக்குத் தடுமாறும் என்று 1997இலேயே அவுஸ்திரேலியாவில் அளந்து காட்டிவிட்டார்கள். குடித்துவிட்டு வந்து ஊசி போட ஒரு டொக்டரை விடுவோமா? நித்திரையில்லாதவரைப் பாராட்டி விடுகிறோம்.

ஒளிப்பதற்கு என்ன, பத்து வருடங்களுக்கு முன்னர் நானும் இதே வசனத்தை ஒரு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த முகம் இன்னும் ஞாபகம்.

டொக்டர்மாரின் நலன் என்றதும் எங்களவர்களுக்கு முதலில் தோன்றுவது பயிலரங்கு. ஒருமுறை என்னையே பேசக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை, ஹோட்டல் மண்டபம், வரவுக்குக் கட்டாயக் கையொப்பம். ஒன்-கோல் முடித்தவர்களின் ஒரே லீவு நாள் அது. நான் ஆழ்ந்த மூச்சுப் பற்றிச் சொல்லத் தொடங்கி அரை மணி நேரத்தில் முன்வரிசையில் நான்கு பேர் நித்திரை. எழுப்பவில்லை. அந்த நிகழ்வால் விளைந்த ஒரே நன்மையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? பணிசார் எரிந்துபோதலை (burnout) உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய் என்று சொல்லவில்லை, வேலைத்தளத்தோடு தொடர்புபட்ட நிலை என்றுதான் வகைப்படுத்தியது. சரிசெய்ய வேண்டியது வேலைத்தளம் என்றால் யோகாப் பாயை ஏன் பிள்ளைகளிடம் நீட்டுகிறோம்?

எங்கள் மாவட்டத்துக்கே உரிய பாரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்று இனமும் இரண்டு மொழியும் உள்ள வாட்டுகள் இவை. தமிழ் தெரிந்த எச்.ஓ. ஒருவர் இருந்தால் பக்கத்து வாட்டுக்கும் அவரே மொழிபெயர்ப்பாளர். அவரும் இல்லாத இரவில் கூப்பிடுவது சிற்றூழியரை. மூதூரிலிருந்து வந்த தாயிடம் "பிள்ளை தப்பவில்லை" என்று சொல்லும் வேலை, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்த ஒரு அக்காவின் தலையில் விழுகிறது. அதற்குப் பயிற்சியும் இல்லை, பிறகு "எப்படி இருக்கிறீங்க அக்கா" என்று கேட்க ஆளும் இல்லை. அவர் திரும்பிப் போய் மிச்சத் தரையைத் துடைக்கிறார். நலன் பற்றிய எந்தக் கூட்டத்திலும் இந்த அக்காவை நான் கண்டதில்லை.

சரி, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். யுனிட்டுக்குப் பொறுப்பானவர்களே, டியூட்டி ரோஸ்டரை நீங்களே பாருங்கள், கடைக்குட்டி எச்.ஓ.விடம் விடாதீர்கள். கசுவல்டி (அவசர நோயாளிகளை எடுக்கும்) இரவுக்கு அடுத்த நாள் பகல், நோயாளிகளை மற்றவரிடம் ஒப்படைத்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆள் போதாது என்பது எனக்கும் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களின் வேலையையும் இருப்பவர்கள்தான் இழுக்கிறோம். ஆனால் ரவுண்டை அரை மணி நேரம் முன்னதாக முடிக்க ஆளணி அனுமதி தேவையில்லை. இரவில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று ஒருநாள் கன்ரீன் பக்கம் போய்ப் பாருங்கள். பிழை நடந்தால் "யார்?" என்று தொடங்காதீர்கள், "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பிழைவிட்ட டொக்டரும் அன்றிரவு நித்திரை கொள்வதில்லை.

பிள்ளைகளே, இரவு வேலை முடித்த கையோடு வாகனம் ஓட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நீண்ட ஷிப்ட் முடித்து ஓட்டும் இன்டேர்ன்கள் விபத்தில் சிக்கும் சாத்தியம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2005இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டில் றோட்டில் நிற்கும் யானையைச் சேர்க்கவில்லை. ஒரு மணி நேரமாவது படுத்துவிட்டுப் போங்கள், அல்லது பஸ் எடுங்கள். உங்களுக்கு நீங்களே மருந்து எழுதாதீர்கள். சக நண்பன் எழுதித் தருவதும் அதே கதைதான். பழகினால் விடக் கடினமான குளோனசெபாம் குளிசையில் தொடங்கிய இருவரை அதிலிருந்து இறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உலக மருத்துவச் சங்கம் 2017இல் டொக்டர்மாருக்கான ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தியபோது, என் சொந்த உடல்நலத்தையும் கவனிப்பேன் என்பதையும் அதில் சேர்த்தது. அதுவும் உறுதிமொழிதான்.

வாழ்ந்து என்ன என்ற யோசனை வந்தால் காலைவரை பொறுக்க வேண்டாம். 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். தெரிந்தவர் காதில் விழக் கூடாது என்றால் அதுவே நல்லது.

அந்தப் பிள்ளைக்கு அன்று குளிசை எழுதவில்லை. அவருடைய கன்சல்டன்டுக்கு நானே போன் எடுத்தேன், இரண்டு நாள் லீவு கேட்டேன், கொஞ்சம் சத்தமும் போட்டேன். இரண்டு நாள் தரவில்லை, ஒன்று கிடைத்தது. குவார்ட்டர்ஸில் பதினான்கு மணி நேரம் நித்திரை கொண்டதாக அறைத்தோழி சொன்னார்.

இனி யாருக்காவது என்னைப் பார்க்க வேண்டுமென்றால் கொரிடோரில் மறிக்காதீர்கள். வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கிளினிக்கில் நோயாளிகள் இருக்க மாட்டார்கள். பின்பக்கக் கதவால் வாருங்கள், பெயர் எழுதும் கொப்பியை மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சிற்றூழியர் அக்காமாரும் வரலாம்.