குன்றுக்கு ஒரு பெகோனியா

தண்டையார்ப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை செடிக்காரர் வண்டி தள்ளிக்கொண்டு வருவார். பங்குனி மாதம் அவரிடம் ஒரு பெகோனியா வாங்கினேன். வெளிர்பச்சை இலை, தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, நடுவில் யாரோ கரும்பழுப்பு மையில் சிலுவை வரைந்தது போல ஒரு குறி. பூவே வேண்டாம், இலை போதும் என்று தோன்றவைக்கும் அழகு. வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன், இலைமேலும் தெளித்தேன். பத்தே நாளில் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்து, ஓரம் கருகத் தொடங்கியது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புத் தண்ணிய ஊத்தினா செடி எப்படிப் பொழைக்கும் கண்ணு?" என்றார்.

அக்கா சொன்னது சரியாகத்தான் பட்டது. அப்புறம் அந்தச் செடியின் ஊர் எது என்று தேடிப் பார்த்தபோதுதான் குழப்பம் வந்தது. அதன் அறிவியல் பெயர் பெகோனியா மசோனியானா. 1952 இல் மாரிஸ் மேசன் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் சிங்கப்பூரிலிருந்து இதை எடுத்துப் போனார். இது காட்டில் எங்கே வளர்கிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை. பிறகு கண்டுபிடித்த இடம் தென் சீனாவின் குவாங்சி பகுதியும் வட வியட்நாமும். அங்கே இது வளர்வது சுண்ணாம்புப் பாறையின்மேல். பாறையே சுண்ணாம்பாக இருக்கும் இடத்தில் பிறந்த செடிக்கு, எங்கள் வீட்டுத் தண்ணீர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

முதலில் அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்ப்போம். வட சென்னையில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைச் சுரண்டினால் வெள்ளையாக ஏடு ஏடாக வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுக் காதருகே வையுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும், சின்னச் சின்னக் குமிழ் வரும். அது கால்சியம் கார்பனேட், வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. சுண்ணாம்புக் குன்றில் இதே வேலையை மழை செய்கிறது. மழைநீர் காற்றிலிருந்தும், மட்கும் இலைகளின் ஊடாக இறங்கும்போது மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை ஏற்றிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையைக் கரைத்துத் துளை போடுகிறது, பிளவை அகலமாக்குகிறது, பல்லாயிரம் ஆண்டுகளில் குகையே குடைந்துவிடுகிறது. கரைந்த சுண்ணாம்புடன் அந்தத் தண்ணீர் குகைக் கூரையில் சொட்டும்போது வாயு வெளியேற, சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படிந்து விழுதுபோலத் தொங்குகிறது. என் செடியின் இலையில் விழுந்த புள்ளியும் குகையில் தொங்கும் அந்த விழுதும் ஒரே வேதியியல்தான்.

இப்படித் துளைத்துப்போன குன்றில் செடி வளர்வது லேசான காரியம் இல்லை. மழை கொட்டினாலும் தண்ணீர் பிளவு வழியே உள்ளே ஓடிவிடும்; ஈரக்காட்டின் நடுவே இருந்தும் பாறை சீக்கிரம் காய்ந்துவிடும். மண் என்று இருப்பது பாறைக் குழியில் தேங்கிய ஒரு பிடி இலைமக்கு. அங்கே காரத்தன்மை அதிகம் என்பதால் இரும்பும் பாஸ்பரசும் வேர் எடுக்க முடியாத வடிவத்தில் இறுகிக் கிடக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலே கால்சியம். கால்சியம் எல்லா உயிருக்கும் வேண்டியதுதான். ஆனால் செல்லுக்குள் அது ஒரு சமிக்ஞைப் பொருள், மிகச் சிறிய அளவு ஏறி இறங்குவதை வைத்தே செல் பல வேலைகளைத் தொடங்குகிறது, நிறுத்துகிறது. வெள்ளமாகக் கால்சியம் புகுந்தால் அந்தக் கணக்கு மொத்தமும் குலைந்துவிடும்.

பெகோனியாவுக்கு இதில் கைகொடுப்பது அதன் புளிப்பு. பல பெகோனியாக்களின் இலையும் தண்டும் வாயில் வைத்தால் புளிக்கும், ஆக்சாலிக் அமிலம்தான் காரணம். அது கால்சியத்தைக் கண்டால் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத கால்சியம் ஆக்சலேட் படிகமாக மாறிவிடும். மிஞ்சும் கால்சியத்தைச் செடி இப்படிப் படிகமாக்கித் தன் செல்களிலேயே பூட்டி வைக்கிறது. நமக்கு இந்தப் படிகம் புதிதில்லை. கருணைக்கிழங்கு நாக்கில் அரிக்கிறதே, அதற்குக் காரணம் ஊசி வடிவிலிருக்கும் இதே கால்சியம் ஆக்சலேட்தான். பெகோனியா இலையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், நெருஞ்சி முள் போலப் பல முனைகளோடு இந்தப் படிகக் கொத்துகள் தெரியும்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். இந்தச் செடிகளில் பல, குகை வாயிலிலும் பாறை இடுக்கிலும் நாள் முழுக்க நிழலில் நிற்பவை. பெகோனியா குடும்பம் கிடைக்கும் வெளிச்சத்தை வீணாக்காமல் பயன்படுத்தும் விதம் என்னை அசர வைத்தது. மலேசியக் காடுகளின் நிழலில் பெகோனியா பவோனினா என்று ஒரு செடி இருக்கிறது, அதன் இலை மயில் கழுத்துபோல நீலமாக மின்னும். அந்த நீலத்துக்கு நிறமி எதுவும் காரணமில்லை. இலையின் மேல்தோல் செல்களில் தனி வகைப் பசுங்கணிகங்கள், அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்புகள், இருக்கின்றன. சாதாரணப் பசுங்கணிகத்துக்குள் சவ்வுகள் ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்டிருக்கும். இவற்றிலோ மூன்று நான்கு சவ்வு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று நான்கு சவ்வு என்று அளந்து வைத்ததுபோல அடுக்கு. அந்த அடுக்கு நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. காட்டின் தரைவரை வந்து சேரும் பச்சை ஒளியை உள்ளே கொஞ்சம் தாமதப்படுத்தி உறிஞ்ச வைக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் இதனால் ஒளிச்சேர்க்கையின் திறன் 5 முதல் 10 சதவீதம் கூடுகிறது என்று 2016 இல் ஓர் ஆய்வு காட்டியது. அரைகுறை வெளிச்சத்தில் வாழும் செடிக்கு அது பெரிய வரவு. பல பெகோனியா இலைகளில் காணும் வெள்ளிப் புள்ளிகளும் இப்படித்தான். அங்கே பச்சையம் இல்லாமல் போகவில்லை, மேல்தோலுக்கும் பச்சைச் செல்களுக்கும் நடுவே இருக்கும் காற்று இடைவெளி ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளியாகத் தெரிகிறது.

சரி, சுண்ணாம்பைச் சமாளிக்கத் தெரிந்த செடி எங்கள் வீட்டில் ஏன் கருகியது? எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் சுண்ணாம்போடு உப்பும் இருக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடலோரத்தில் இருக்கும் எங்கள் போர் தண்ணீரும் கரிக்கும். சுண்ணாம்புக் குன்றில் வளரும் பெகோனியாவின் வேர், இலைமக்கில் நல்ல மழைநீர் குடித்து வாழ்வது. சோடியத்தைப் பூட்டிவைக்க அதனிடம் ஆக்சாலிக் அமிலம் போல ஒரு வழி இல்லை. அதோடு சித்திரை வெயில். அக்கா சொன்ன சுண்ணாம்பு கண்ணில் பட்டது, கொன்றது பெரும்பாலும் கண்ணில் படாத உப்புதான் என்பது என் முடிவு.

இதைத் தேடப்போய் என்னை இழுத்துக்கொண்டது இன்னொரு விஷயம். உலகில் 2,000-க்கும் மேற்பட்ட பெகோனியா இனங்கள் உள்ளன, புதிது புதிதாக இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. 2013 இல் குவாங்சியின் சுண்ணாம்புப் பகுதியிலிருந்து பெகோனியா ஃபெராக்ஸ் என்ற புது இனம் விவரிக்கப்பட்டது. பச்சை இலைமேல் கருங்கூம்புகள் வரிசையாக எழுந்து நிற்கும். பெயருக்குப் பொருளே 'மூர்க்கமானது'. 2015 இல் தைவானைச் சேர்ந்த பெங் சிங்-இ குழுவினர் வட வியட்நாமின் சுண்ணாம்புப் பகுதிகளிலிருந்து ஒரே கட்டுரையில் ஆறு புதிய இனங்களை விவரித்தார்கள். அதில் பெகோனியா மெலனோபுல்லாட்டாவின் இலையிலும் அதே போலக் கறுப்புக் கொப்புளங்கள். ஒரே வகைப் பாறையில் எப்படி இத்தனை இனம்?

விடை அதன் பூவிலும் விதையிலும் இருக்கிறது. ஒரே செடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவில் மகரந்தம் இருக்கும், தேனீ அதற்காக வரும். பெண் பூவில் பெரும்பாலும் தேனும் இல்லை, மகரந்தமும் இல்லை. அதன் சூல்முடி மஞ்சளாக முறுக்கிக்கொண்டு மகரந்தத்தாள் போலவே தோற்றம் காட்டி தேனீயை ஏமாற்றி வரவழைக்கிறது. காய்க்குப் பெரும்பாலும் மூன்று இறக்கை, உள்ளே மூக்குப்பொடி போல விதை. காற்றில் வெகுதூரம் போகும் என்றுதான் தோன்றும். ஆனால் காட்டுக்குள் பாறை இடுக்கில் காற்றே இல்லை. பெரும்பாலான விதை தாய்ச்செடியின் காலடியிலேயே கொட்டிவிடும். ஒரு சுண்ணாம்புக் குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் நடுவே வேறு மண் இருந்தால், இந்தச் செடிக்கு அது கடல் மாதிரி. குன்றுகள் ஒவ்வொன்றும் தீவாகிவிடும். ஒரு குன்றின் செடி அடுத்த குன்றோடு கலக்காமல் பல தலைமுறை போனால், சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து தனி இனமாகப் பிரிந்துவிடும். சீன-வியட்நாம் எல்லையின் சுண்ணாம்புப் பெகோனியாக்கள் ஒரே கிளையிலிருந்து பிரிந்து பெருகியவை என்று 2014 இல் வந்த டிஎன்ஏ ஆய்வு காட்டியது.

புது இனம் என்று முடிவுசெய்ய இலையின் அழகு போதாது. தாவரவியலாளர்கள் பெண் பூவின் சூலகத்தை பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்கள். எலுமிச்சையைக் குறுக்கே வெட்டினால் அறை அறையாக இருக்கும், விதை நடு அச்சைப் பற்றியிருக்கும். பப்பாளியை வெட்டினால் ஒரே அறை, விதையெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும், நடுவில் வெற்றிடம். பெகோனியாவிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. குவாங்சியின் சுண்ணாம்பு இனங்கள் பல பப்பாளி வகை. அந்தப் பிரிவுக்கு வைத்த சீலோசென்ட்ரம் என்ற பெயருக்கே 'நடு வெற்றிடம்' என்றுதான் பொருள். அறை எண்ணிக்கை, இறக்கையின் வடிவம், இலையின் ரோமம், குரோமோசோம் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றையும் தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாவிட்டால்தான் புதுப் பெயர். ஒரு மாதிரிச் செடியை உலர்த்தி, அழுத்தி, ஹெர்பேரியம் எனும் உலர்செடிக் காப்பகத்தில் வைத்துவிடுவார்கள். அந்தப் பெயருக்கு அதுதான் நிரந்தரச் சாட்சி.

ஒரு குன்றில் மட்டுமே வாழும் உயிருக்கு அந்தக் குன்று போனால் எல்லாமே போச்சு. சிமென்டுக்கு முதல் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். மலேசியாவின் பகாங் மாநிலத்தில் புக்கிட் பஞ்சிங் என்ற ஒரே ஒரு சுண்ணாம்புக் குன்றில் பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்ற குட்டி நத்தை வாழ்ந்தது. குவாரி அந்தக் குன்றையே தின்று தீர்த்தது, நத்தை அதோடு அழிந்தது. இதே மாதிரிக் குன்றுகளில்தான் பெகோனியாக்களும் நிற்கின்றன. பெயர் வைக்கும் முன்பே போனவை இருக்கும் என்று நினைத்தால் மனது கனக்கிறது.

என் செடி வைகாசியில் போய்விட்டது. கருகாத இலை ஒன்றை மட்டும் எடுத்து, முதுகுப் பக்கத்து நரம்பை இரண்டு மூன்று இடத்தில் பிளேடால் கீறி, ஈரத் தேங்காய் நார்த்தூளின்மேல் படுக்கவைத்து, மூடியுள்ள ஸ்வீட் டப்பாவில் போட்டேன். பெகோனியா இலை கீறிய நரம்பிலிருந்தே முழுச் செடியாக முளைக்கும். ஐப்பசி மழையை மொட்டைமாடியில் குடம் வைத்துப் பிடித்து, அதை மட்டும் தெளித்தேன். இப்போது கீறிய இடத்தில் சுண்டுவிரல் நக அளவில் ஓர் இலை எழும்பியிருக்கிறது. தினமும் அக்காவும் வந்து டப்பாவைத் திறந்து பார்க்கிறார். சிலுவைக் குறி இன்னும் சரியாகத் தெரியவில்லை, சொரசொரப்பு மட்டும் வந்துவிட்டது.